விசா கைக்கு வராமல் விமானம் ஏறாதீர்கள்: ஆங்கில ஆசிரியர் வேலை, வாசகர் கேள்வி-பதில்

தென் கொரியப் பள்ளிகள் பிப்ரவரி சேர்க்கைக்கு ஆங்கில ஆசிரியர்களை எடுக்கும் காலம் வந்தாலே, தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நம் வாசகர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்துவிடும். பாதிக் கடிதங்கள் "போன வருஷம் போன என் சிநேகிதி சொன்னாள்" என்றுதான் ஆரம்பிக்கின்றன. சிநேகிதி போனது போன வருஷத்துச் சட்டத்தில். நீங்கள் விண்ணப்பம் கொடுக்கிற அன்று பிரிட்டோரியாவில் இருக்கும் அந்த நாட்டுத் தூதரகம் எந்தப் பட்டியலைக் கையில் வைத்திருக்கிறதோ, உங்களுக்கு அதுதான் சட்டம். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

சாட்ஸ்வொர்த் வாசகி: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஆங்கிலம்தான். அமெரிக்கர்களிடம் கேட்காத பள்ளிக் கடிதத்தைக் கொரியா என்னிடம் மட்டும் ஏன் கேட்கிறது?

கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கத் தரும் ஈ-2 விசா ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான் கிடைக்கும்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அப்புறம் நாம். நம் நாட்டில் ஆட்சிமொழிகள் 12. ஆஃப்ரிகான்ஸ் மீடியத்தில் படித்தவரும் உங்களுடைய அதே பச்சை பாஸ்போர்ட்டைத்தான் நீட்டுவார். அதனால்தான் ஏழாம் வகுப்பிலிருந்து குறைந்தது பத்து வருஷம் ஆங்கில மீடியத்தில் படித்ததற்குச் சான்று கேட்கிறார்கள். கனடாவின் கியூபெக்கிலிருந்து வருகிறவர்களுக்கும் இதே நிபந்தனை உண்டு. மனம் கசக்கத்தான் செய்யும், ஆனால் கடிதம் இல்லாமல் கோப்பு நகராது.

கடிதம் பள்ளியின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை படித்தீர்கள், பாடமொழி ஆங்கிலம் என்பது, முதல்வர் கையெழுத்து, பள்ளி முத்திரை எல்லாம் அதில் வர வேண்டும். பல்கலைக்கழகப் பதிவாளரிடமும் இதேபோல ஒன்று வாங்குங்கள். டிசம்பரில் பள்ளி மூடிவிட்டால் ஜனவரி பாதி வரை கையெழுத்துப் போட ஆள் கிடைக்காது. இப்போதே போய்க் கேளுங்கள்.

ஐசிபிங்கோ: என்னிடம் மூன்று வருஷ நேஷனல் டிப்ளமோ இருக்கிறது. கொரியாவுக்குப் போதுமா?

போதாது. இளங்கலைப் பட்டம் வேண்டும்.

டோங்காட் வாசகர்: எல்லாச் சான்றிதழ்களையும் போலீஸ் ஸ்டேஷனில் சீல் வாங்கி ரெடியாக வைத்திருக்கிறேன். அடுத்து என்ன?

அடுத்து, அந்த நகல்களைத் தள்ளி வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பது. போலீஸ் ஸ்டேஷனிலும் தபால் ஆபீஸிலும் குத்தும் 'உண்மை நகல்' முத்திரை வங்கிக்கும் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கும் உதவும். அதன்மேல் அப்போஸ்டில், அதாவது ஆவணம் வெளிநாட்டில் செல்லும் என்று அரசு ஒட்டித் தரும் சான்று, கிடைக்காது. இதை எத்தனை தடவை எழுதினாலும் மாதம் ஒருவர் இதே கட்டோடு வருகிறார்.

பட்டத்தின் நகலை நோட்டரி வக்கீல் சான்றளிக்க வேண்டும், அதை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் அப்போஸ்டில் ஒட்டித் தருவார்கள். போலீஸ் நற்சான்று வேறு பாதை. கைரேகையை உள்ளூர் ஸ்டேஷனில் கொடுக்கலாம், ஆனால் சான்று பிரிட்டோரியாவில் உள்ள குற்றப் பதிவு மையத்திலிருந்துதான் வரும். கட்டணம் 200 ராண்ட் வாக்கில் ஆகும். 15 வேலை நாள் என்பார்கள், நீங்கள் ஆறு வாரம் என்று கணக்கு வையுங்கள். அதற்கு அப்போஸ்டில் ஒட்டுவது பிரிட்டோரியாவில் வெளியுறவுத் துறை. அங்கே கட்டணம் கிடையாது. "அப்போஸ்டில் அரசுக் கட்டணம்" என்று ஆயிரக்கணக்கில் ஏஜென்ட் பில் போட்டால் அந்த அரசு ரசீதைக் காட்டச் சொல்லுங்கள்.

வரிசையும் முக்கியம். பட்டம் காலாவதி ஆகாது, அதை முதலில் முடியுங்கள். போலீஸ் சான்றுக்கு ஆறு மாதம்தான் ஆயுள். ஆர்வத்தில் ஏப்ரலிலேயே அதை வாங்கிவிட்டு, டிசம்பரில் விசாவுக்குப் போகும்போது தேதி தாண்டிவிட்டது என்று நிற்கிறவர்கள் ஏராளம்.

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தாயார்: மகனுக்குச் சீனாவில் ஒரு மழலையர் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. இப்போதைக்கு பிசினஸ் விசாவில் வரட்டும், வந்த பிறகு ஒர்க் பெர்மிட்டாக மாற்றித் தருகிறோம் என்கிறார்கள். ஏஜென்ட் 12,000 ராண்ட் கேட்கிறார். அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள் அம்மா. இந்த வார்த்தைக்கு மேல் எழுதத் தேவையில்லைதான். ஆனால் இந்த 'வந்த பிறகு மாற்றித் தருகிறோம்' என்ற பேச்சால் நம் பிள்ளைகள் கெட்டதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிகிறது, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

சீனாவில் ஆங்கிலம் கற்பிக்க வேலை விசா ஒன்றுதான் சரியான வழி, அதற்கு இசட் விசா என்று பெயர். வெளிநாட்டவரை வேலைக்கு வைக்க உரிமம் உள்ள பள்ளி முதலில் அங்கே விண்ணப்பித்து, பணி அனுமதி அறிவிப்புக் கடிதம் ஒன்றை வாங்கி இங்கே அனுப்ப வேண்டும். உங்கள் மகன் அதைக் காட்டித்தான் இங்கிருந்தே இசட் விசா எடுக்க வேண்டும். இறங்கிய 30 நாளுக்குள் அது வசிப்பு அனுமதியாக மாறும். முதல் அடி பள்ளியுடையது, இரண்டாவது உங்களுடையது, அதற்கப்புறம்தான் விமான டிக்கெட். இந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கிற யாரையும் நம்ப வேண்டாம்.

ஏன் தலைகீழாக்குகிறார்கள்? பெரும்பாலும் அந்தப் பள்ளிக்கு உரிமமே இருக்காது. அல்லது பையனுக்குத் தகுதி இருக்காது. 2017 ஏப்ரலிலிருந்து சீனா வெளிநாட்டு ஊழியர்களை ஏ, பி, சி என்று மூன்று வகையாகப் பிரிக்கிறது. நம் ஆசிரியர்கள் பெரும்பாலும் பி வகையில் வருவார்கள். அதற்குப் பட்டமும், இரண்டு வருஷ அனுபவம் அல்லது டெஃபல் என்ற 120 மணி நேர ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி மாதிரி ஒரு சான்றிதழும், சுத்தமான போலீஸ் சான்றும் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் பெர்மிட் வராது என்று ஏஜென்டுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் பிசினஸ் விசா என்கிறார்.

மாட்டினால் என்ன ஆகும்? 2013 முதல் நடைமுறையில் உள்ள சீனக் குடிநுழைவுச் சட்டப்படி, அனுமதியில்லாமல் வேலை செய்தவருக்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். குற்றம் கடுமை என்று பட்டால் 5 முதல் 15 நாள் வரை காவல். அதற்கு மேல் நாடு கடத்தலாம். பள்ளிக்கும் அபராதம் உண்டு, ஆளுக்கு 10,000 யுவான். பள்ளி அதைக் கட்டிவிட்டு அடுத்த ஆளைத் தேடும். உங்கள் மகன் பெயரில் பதிவு நிற்கும், அதற்குப் பிறகு கொரியாவோ ஜப்பானோ படிவத்தில் "எந்த நாட்டிலிருந்தாவது வெளியேற்றப்பட்டிருக்கிறீர்களா" என்று கேட்கும்போது பதில் எழுத வேண்டியவன் அவன். மாட்டாவிட்டாலும் நிம்மதி இல்லை. சம்பளம் தராமல் இழுத்தடித்தால் பெர்மிட் இல்லாதவன் எந்த அலுவலகத்தில் போய் முறையிடுவான்? சிக்கலில் நம் தூதரகம் வக்கீல் பட்டியல் கொடுக்கும், வீட்டுக்குத் தகவல் சொல்லும். வக்கீல் ஃபீஸையோ அபராதத்தையோ கட்டாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மகளை அனுப்பக் காரை விற்றது. போன நான்காவது மாதம் அவள் சொந்தச் செலவில் திரும்பி வந்தாள். அவளிடம் முன்பணம் வாங்கிய ஏஜென்சி இன்றைக்கும் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

ஒழுங்கான ஏஜென்ட் கமிஷனைப் பள்ளியிடம் வாங்குவார். 12,000 ராண்டை உங்களிடம் கேட்கிறார் என்பதே யோசிக்க வேண்டிய விஷயம். மகனை ஒரே ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள்: "பணி அனுமதி அறிவிப்புக் கடிதத்தை அனுப்புங்கள், அதில் நான் வேலை செய்யப்போகும் பள்ளியின் பெயர் இருக்க வேண்டும்." உண்மையான பள்ளி சில வாரம் டைம் கேட்கும். மற்றது கோபப்படும், அல்லது பதிலே வராது. ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன்: 2023 நவம்பர் 7 முதல் சீனாவும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதனால் தூதரகத்தில் தனியாக முத்திரை வாங்கும் அலைச்சல் போய்விட்டது. நேர்வழி முன்னைவிடச் சுலபம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: வீட்டிலிருந்தே சீனக் குழந்தைகளுக்கு ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் கம்பெனிகளில் சேரலாமா?

2021 ஜூலையில் சீன அரசு கொண்டுவந்த கட்டுப்பாடு, வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்களை வைத்து அப்படி வகுப்பு நடத்துவதைத் தடை செய்துவிட்டது. அந்தக் கதவை இனித் தட்ட வேண்டாம்.

வெருலம் வாசகி: பாஸ்போர்ட்டில் என் குடும்பப் பெயர் 'பிள்ளை' ஒய் எழுத்தில் முடிகிறது. பட்டத்தில் ஐ. இது பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான். 1860ல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து டர்பனில் இறங்கியவர்களிலிருந்தே, நம் பெயர்கள் எழுத்தர் காதில் விழுந்தபடி பதிவாகி வந்திருக்கின்றன. கவுண்டருக்கும் நாயுடுவுக்கும் படையாச்சிக்கும் ஒரே தெருவில் இரண்டு மூன்று எழுத்து வடிவங்கள் இருக்கும். இது நமக்குத் தெரியும். கொரியத் தலைநகர் சோலில் கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு இரண்டு வேறு ஆட்களாகத்தான் தெரியும்.

பாஸ்போர்ட்டை அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் சான்று எழுத்துக்கு எழுத்து அதனோடு ஒத்துப்போக வேண்டும். பட்டத்துக்கு, "இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கும்" என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அதற்கும் அப்போஸ்டில் வாங்குங்கள். பல்கலைக்கழகம் திருத்திய பட்டம் கொடுத்தால் இன்னும் நல்லது. கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றியவர்கள் முழு விவரத் திருமணச் சான்றிதழை உள்துறையில் வாங்க வேண்டும், அது மாதக் கணக்கில் இழுக்கும். விண்ணப்பம் பாதியில் இருக்கும்போது பாஸ்போர்ட் பெயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள், எல்லாம் மறுபடி முதலிலிருந்து வரும்.

பெயர் வேண்டாம்: கொரியாவில் எய்ட்ஸ் பரிசோதனை உண்டா?

2017ல் எடுத்துவிட்டார்கள். போனதும் உடல் பரிசோதனையும் போதைப்பொருள் பரிசோதனையும் உண்டு.

லெனேசியா: என் அக்கா மகன் 2019ல் வியட்நாம் போனான். அவன் செய்த மாதிரியே நானும் செய்யலாமா?

அவன் போன பிறகு அங்கே பணி அனுமதி ஆணை மூன்று தடவை மாறிவிட்டது: 2021 பிப்ரவரியில் புது ஆணை அமலுக்கு வந்தது, 2023 செப்டம்பரில் திருத்தினார்கள், 2025 ஆகஸ்டில் அதையும் எடுத்துவிட்டு வேறொன்று போட்டார்கள். அக்கா மகனிடம் வாடகையும் சாப்பாடும் எப்படி என்று கேளுங்கள். விசாவைப் பற்றித் தூதரகத்தில் கேளுங்கள்.

மெரிபாங்க் வாசகர்: 2020 ஊரடங்கில் கடற்கரையில் நடந்ததற்குப் போலீஸ் பிடித்து ஃபைன் கட்டச் சொன்னார்கள், கட்டிவிட்டு வந்துவிட்டேன். கோர்ட்டுக்குப் போகவில்லை. பாதிக்குமா?

பாதிக்கலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் அபராதம், கைரேகை எடுத்திருந்தால், குற்றப் பதிவாகவே ஏறிவிடும் என்று நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. விண்ணப்பத்தில் "குற்றம் எதுவும் இல்லை" என்று டிக் அடிப்பதற்கு முன்னால் போலீஸ் சான்றை வாங்கிப் பாருங்கள். பதிவு இருந்தால் நீதித்துறையிடம் அழிக்கச் சொல்லி மனு போடலாம். சாதாரணமாகப் பத்து வருஷம் கழிய வேண்டும், ஆனால் ஊரடங்கு விதிமீறல்களுக்கு 2024ல் கையெழுத்தான திருத்தச் சட்டம் தனி வழி செய்திருக்கிறது. மறைக்க மட்டும் மறைக்காதீர்கள். பழைய அபராதத்தை விளக்கிச் சொல்ல இடம் உண்டு, பொய்யான படிவத்தை விளக்கவே முடியாது.

ஸ்டாங்கர்: எந்த நாடு நல்லது? முழு விவரம் அனுப்பவும்.

தம்பி, உங்கள் படிப்பு என்ன, வயது என்ன, அனுபவம் உண்டா என்று ஒன்றும் எழுதவில்லை. எழுதி அனுப்புங்கள், பதில் தருகிறேன்.

லாடியம் வாசகி: ஜப்பானுக்கு ஜெட் திட்டத்தில் போவதா, தனியார் மொழிப் பள்ளியில் போவதா?

முதல் தடவை என்றால் ஜெட். வெளிநாட்டவரைப் பள்ளிகளுக்கு எடுக்கும் ஜப்பான் அரசுத் திட்டம் அது, 1987லிருந்து நடக்கிறது, எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியிருந்தாலும் சரி. முதல் வருஷச் சம்பளத்தை 2025ல் சுமார் 33 லட்சம் யென்னிலிருந்து 40 லட்சமாக உயர்த்தியிருக்கிறார்கள். விண்ணப்பம் வருஷக் கடைசியில், பயணம் அடுத்த ஜூலை-ஆகஸ்டில். அரசுப் பள்ளியில் கற்பிக்க ஒரு வகை விசா, தனியார் மொழிப் பள்ளிக்கு வேறு வகை. ஒன்றை வைத்துக்கொண்டு அனுமதி கேட்காமல் மற்றதில் வேலை செய்யக் கூடாது. ஆசிரியர் விசாவுக்கு 12 வருஷம் ஆங்கிலத்தில் படித்திருக்க வேண்டும், ஆக பள்ளிக் கடிதம் இங்கேயும் தேவைப்படும்.

ஷால்கிராஸ்: கொரியாவில் இருக்கும்போது சாயங்காலம் தனியாக டியூஷன் எடுக்கலாமா? எல்லாரும் எடுக்கிறார்களாம்.

கூடாது. ஈ-2 விசா அதில் பதிவான இடத்துக்கு மட்டும்தான். பிடிபட்டால் அபராதம், விசா ரத்து. எல்லாரும் எடுக்கிறார்கள் என்று அங்கே சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

டர்பன் வாசகர்: வெளிநாட்டில் சம்பாதிப்பதற்கு நம் வரித் துறையான சார்ஸுக்கு வரி கட்ட வேண்டுமா?

பன்னிரண்டு மாதத்தில் 183 நாளுக்கு மேல் வெளிநாட்டில் வேலை பார்த்து, அதில் 60 நாளுக்கு மேல் தொடர்ச்சியாக இருந்தால், பன்னிரண்டரை லட்சம் ராண்ட் வரை வரி விலக்கு. 2020 மார்ச்சிலிருந்து இந்த உச்சவரம்பு. ஆசிரியர் சம்பளம் அதைத் தொடுவது அபூர்வம். ஆனால் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். கொரிய அரசுப் பள்ளிக்குப் போகிறவர்கள் புறப்படும் முன் சார்ஸிடம் வரி வசிப்புச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், அதைக் காட்டினால் அங்கே இரண்டு வருஷம் வரை வருமான வரி விலக்குக் கேட்கலாம்.

உம்லாங்கா: பிரிட்டனுக்கு ஆசிரியையாகப் போக ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டுமா? நான் பேசுவதே ஆங்கிலம்தானே!

பிரிட்டன் உள்துறையின் விலக்குப் பட்டியலில் நம் நாடு இல்லை. பட்டத்தை ஆங்கிலத்தில் படித்ததாக, வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் எக்டிஸ் என்ற பிரிட்டன் அமைப்பு மூலம் உறுதிச் சான்று வாங்கினால் தேர்வு வேண்டாம். இல்லையென்றால் எழுத வேண்டும். 2026 ஜனவரி 8 முதல் ஆங்கிலத் தேர்ச்சியில் பி1 நிலை போதாது, அதற்கு மேலான பி2 வேண்டும்.

சோலிலிருந்து ஒரு டோங்காட் பெண்: தனியார் பள்ளியில் பத்து மாதம் ஆகிறது. மேலாளர் சரியில்லை. விட்டுவிட்டு வேறு பள்ளிக்கு மாறலாமா?

ஒப்பந்தம் முடியாமல் மாற வேண்டுமானால் பழைய பள்ளியின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். அது இல்லாமல் வேலையை விட்டால் விசாவும் போகும். ஒரு வருஷம் முடித்தால் சட்டப்படி ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாக வரும், பத்தாவது மாதத்தில் அதை விட்டுக்கொடுக்காதீர்கள். சம்பளமே தரவில்லை என்றால் கதை வேறு. வங்கிக் கணக்கு விவரத்தையும் ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போங்கள். உங்களிடம் முறையான விசா இருக்கிறது மகளே, தயங்காமல் போய்க் கேளுங்கள்.