குடும்ப ஜெபமும் வேத வாசிப்பும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஓராண்டில் வேதாகமம் முழுவதையும் முடித்துவிட வேண்டும் என்று ஜனவரி முதல் தேதியன்று குடும்ப ஜெபத்தில் ஆதியாகமத்தைத் தொடங்கினோம். லேவியராகமத்துக்கு வந்ததும், எட்டாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் படிக்கும் பிள்ளைகள் தூங்கி வழிகிறார்கள். நாட்கள் விடுபடுகின்றன, விட்டதைச் சேர்த்து வாசிக்கும்போது எல்லாருமே களைத்துப்போகிறோம். எங்கள் விசுவாசம் குளிர்ந்துவிட்டதா? – ஒரு வாசகர், நாசரேத்

பதில்: குளிர்ந்துபோனவர்கள் இப்படிக் கவலைப்பட்டுக் கடிதம் எழுதமாட்டார்கள். நீங்கள் எடுத்துக்கொண்ட அளவுதான் பிள்ளைகளின் வயதுக்கும் இரவு வேளைக்கும் பொருந்தவில்லை. 66 புத்தகங்களிலும் சேர்த்து 1189 அதிகாரங்கள் உள்ளன; ஓராண்டில் முடிப்பதானால் நாள்தோறும் மூன்று அதிகாரங்களுக்கு மேல் வாசித்தாக வேண்டும். பெரியவர் ஒருவர் விடியற்காலையில் தனித்து அமர்ந்து இதைச் செய்யலாம், செய்யவும் வேண்டும். பள்ளிக்கூடமும் வீட்டுப்பாடமும் முடித்து வந்த சிறுபிள்ளையிடம் அதையே கேட்பது நியாயமாகாது.

ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் போதகராயிருந்த ராபர்ட் மரே மக்செயின், 1842-ஆம் ஆண்டின் முடிவில் தம் சபையாருக்கென்று எழுதிக்கொடுத்த வாசிப்பு அட்டவணையைப் பலரும் இன்றுவரை பின்பற்றுகிறார்கள். பழைய ஏற்பாட்டை ஆண்டில் ஒருமுறையும், புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இருமுறையும் முடிக்கும்படி அமைந்த அந்த அட்டவணையில், அன்றாடப் பகுதிகள் நான்கில் இரண்டு குடும்பத்துக்கும் இரண்டு தனி வாசிப்புக்கும் உரியவை. அதன் நன்மைகளைச் சொல்வதற்கு முன்பே அவர் அதன் ஆபத்துகளைச் சொல்லிவிட்டார் என்பதுதான் என்னை மிகவும் தொடுகிறது: வெறும் சடங்காகிவிடுதல், சுயநீதி, கருத்தின்றி வாசித்தல், சுமக்க முடியாத நுகமாகிவிடுதல். அதை நுகமாக உணர்கிறவர்கள் அட்டவணையை விட்டுவிட்டு விடுதலையோடு வாசிக்கலாம் என்றும் அவரே எழுதினார். ஆகவே நீங்கள் அட்டவணையை மூடிவைப்பதில் குற்றவுணர்வுக்கு இடமில்லை.

மாற்குவின் 16 அதிகாரங்களிலிருந்து தொடங்குங்கள். ஓர் இரவுக்கு ஒரு சம்பவம் போதும். முதல் அதிகாரத்தின் முடிவில் குஷ்டரோகி ஒருவன் இயேசுவினிடத்தில் வருவது ஆறே வசனங்களில் சொல்லப்பட்டிருக்கிறது. இயேசு கையை நீட்டி அவனைத் தொடுகிறார். பிறகு, ஆசாரியனுக்கு உன்னைக் காண்பித்து, மோசே கட்டளையிட்டதைச் செலுத்து என்கிறார். மோசே என்ன கட்டளையிட்டார் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அதற்கு விடை, அவர்களைத் தூங்கவைத்த லேவியராகமத்தில்தான் இருக்கிறது. 13-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியில், அந்த நோயுள்ளவன் "தீட்டு, தீட்டு" என்று சத்தமிட்டுக்கொண்டு, பாளயத்துக்குப் புறம்பே தனித்துக் குடியிருக்க வேண்டியவனாயிருக்கிறான். 14-ஆம் அதிகாரத்தில், அவன் சுத்தமான நாளில் இரண்டு குருவிகள் கொண்டுவரப்பட்டு, ஒன்று கொல்லப்பட, மற்றொன்று உயிரோடே வெளியிலே விடப்படுகிறது. அவ்வளவு காலம் எவரும் தொடாத ஒருவனை இயேசு தொட்டார் என்பது, இதை வாசித்த பிறகே பிள்ளைகளுக்கு விளங்கும். ரூத்தின் சரித்திரத்தையும் இப்படியே வாசிக்கலாம். அந்நியப் பெண் ஒருத்தி போவாஸின் வயலில் கதிர் பொறுக்க எப்படி இடம் கிடைத்தது என்பதற்கு லேவியராகமம் 19:9,10 பதில் சொல்லும்.

இன்னொன்று. ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது நல்லதுதான், ஆனால் பிள்ளைகள் தங்கள் வசனம் எதுவென்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்துக்கொண்டிருப்பார்களே தவிர மற்றவர் வாசிப்பதைக் கேட்கமாட்டார்கள். சம்பவப் பகுதிகளில் நகோமியின் வார்த்தைகளை அம்மாவும், ரூத்தின் வார்த்தைகளை மகளும், இடையில் வருவதை அப்பாவும் வாசித்துப் பாருங்கள். வாசித்து முடித்ததும் தகப்பன் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. "இதில் உனக்குப் புரியாதது எது?" என்ற ஒரு கேள்வி போதும். பஸ்காவைக் கட்டளையிட்டபோதே, பிள்ளைகள் "இந்த ஆராதனையின் கருத்து என்ன" என்று கேட்பார்கள் என்று தேவன் முன்னறிந்து, அதற்குச் சொல்ல வேண்டிய பதிலையும் கொடுத்திருக்கிறார் (யாத்திராகமம் 12:26,27). பதில் தெரியாதபோது, ஞாயிற்றுக்கிழமை ஆயரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி மறக்காமல் கேளுங்கள்.

கேள்வி: என் கணவர் குடும்ப ஜெபத்துக்கு வருவதில்லை. குடும்பத் தலைவர் இல்லாமல் நானே பிள்ளைகளை உட்காரவைத்து நடத்துவது சரியா? – ஒரு வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: சரிதான், சகோதரி. தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன் என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் 16:1 சொல்கிறது. அந்தப் பிள்ளைக்கு வந்த விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடத்திலும் தாய் ஐனிக்கேயாளிடத்திலும் நிலைத்திருந்தது என்று பவுல் பெயர் சொல்லி எழுதுகிறார். குழந்தைப் பருவமுதல் அவன் வேத எழுத்துக்களை அறிந்தவன் என்கிறார். கணவர் வீட்டிலிருக்கும் வேளையில், அவர் காதில் விழும்படி இயல்பாக நடத்துங்கள். அவர் வராததைப் பற்றிப் பிள்ளைகள் முன் ஒரு வார்த்தையும் வேண்டாம். ஜெபத்திலும் அவரைக் குத்திக்காட்ட வேண்டாம்.

கேள்வி: காலையில் காலண்டரிலுள்ள வசனத்தை வாசித்துவிட்டு வேலைக்கு ஓடுகிறோம். புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையும் சுவரில் இருக்கிறது. இது போதாதா? – ஒரு வாசகர், சென்னை

பதில்: நாளுக்கொரு வசனம் என்பது இழிவான வழக்கமன்று. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் வாழ்ந்த மொராவியர் என்னும் கிறிஸ்தவச் சபையார் 1728-இல் அதைத் தொடங்கினார்கள். 1731 முதல் ஆண்டுதோறும் அச்சிட்டும் வருகிறார்கள். ஆனால் அங்கே அந்த நாளின் வசனத்தைச் சகோதரர்கள் வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். வீட்டாரோடு அதைக் குறித்துப் பேசினார்கள். நாம் பேச்சை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வரும் எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பது, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய நிருபத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனம், எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் திரும்பிவருவீர்கள் என்கிறது. அதுவரை வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள் என்பது அதற்கும் முன்னால் இருக்கிறது. மருத்துவமனையில் காத்திருக்கும் குடும்பத்துக்கும் வேலையிழந்த வீட்டுக்கும், அட்டையில் இருக்கும் ஒற்றை வரியைவிட இந்த முழு நிருபமும் மிகுந்த பலத்தைத் தரும். காலையில் காலண்டர் வசனத்தை வாசியுங்கள். இரவில் எல்லாரும் கூடும்போது, அது வரும் அதிகாரத்தைத் திறந்து முன்னும் பின்னும் பத்து வசனங்களை வாசியுங்கள். அதற்கு ஐந்து நிமிடங்களுக்கு மேல் ஆகாது.