ஆறு வயதுப் பையனுக்கு இதயத்தில் 'மர்மர்': ஓட்டை என்று அர்த்தமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். ஆறு வயது மகனுக்குக் காய்ச்சல் என்று கிளினிக்குக் கூட்டிப்போனோம். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தவர் 'சிஸ்டாலிக் மர்மர், 2/6' என்று சீட்டில் எழுதி, காய்ச்சல் விட்டபிறகு திரும்ப வரச்சொன்னார். என் மாமியாருக்குச் சின்ன வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து, பிற்பாடு வால்வு மாற்றினார்கள். அதனால் வீட்டில் எல்லோரும் இதயத்தில் ஓட்டை என்றே முடிவுகட்டிவிட்டார்கள். பையனைப் பந்து விளையாட விடுவதில்லை. தைப்பூசக் காவடி வேண்டுதல் வேறு இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: ஓட்டை என்று அந்தச் சீட்டில் எங்கேயும் இல்லை அம்மா. மர்மர் ஒரு நோயின் பெயர் இல்லை, காதில் விழுகிற ஒரு சத்தம், அவ்வளவுதான். வால்வுகள் மூடும்போது 'லப்', 'டப்' என்று கேட்கும். ரத்தம் சீராகப் போகாமல் சுழித்துக்கொண்டு போனால் நடுவில் 'உஸ்' என்று இன்னொரு சத்தம் சேர்ந்துகொள்ளும். வால்வு சுருங்கியிருந்தாலும் கசிந்தாலும், சுவரில் துளை இருந்தாலும் அப்படிச் சுழிக்கும். ஆனால் ஒரு குறையும் இல்லாத இதயத்தில்கூட ரத்தம் வேகமாக ஓடினால் அதே சத்தம் வரும். காய்ச்சல், ரத்தசோகை, கர்ப்பம், தைராய்டு அதிகமாகச் சுரப்பது, இதெல்லாம் வேகத்தைக் கூட்டுகிற சமாசாரங்கள். காய்ச்சல் விட்டபிறகு வாருங்கள் என்று அவர் சொன்னது இதற்காகத்தான், சரியாகவே சொல்லியிருக்கிறார்.

அந்த 2/6 எல்லோரையும் பயமுறுத்துகிற எண். 1933இல் பாஸ்டனில் லெவின் என்ற மருத்துவர் போட்ட கணக்கு அது, சத்தம் எவ்வளவு பெரிது என்பதற்கு மட்டும். 1 என்றால் உன்னிப்பாகக் கேட்டால்தான் தெரியும், 2 மெல்லிய சத்தம், 4 என்றால் நெஞ்சில் கை வைத்தாலே அதிர்வு தெரியும், 6 என்றால் ஸ்டெதாஸ்கோப்பைத் தோலிலிருந்து சற்றுத் தூக்கினாலும் கேட்கும். சத்தம் பெரிதானால் ஆபத்தும் பெரிது என்று நினைத்துவிடாதீர்கள். கீழறைகளுக்கு நடுவே சின்னத் துளை இருக்கிற பிள்ளைக்கு ஊரைக் கூட்டுகிற சத்தம் கேட்கும், பெரிய துளைக்கு அடங்கியே கேட்கலாம். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகிற வழியில் இருக்கும் அயோர்டா வால்வு ரொம்பச் சுருங்கி இதயமும் தளர்ந்துபோனால் சத்தம் குறைந்தே போகும்.

நாங்கள் முக்கியமாகப் பார்ப்பது அது எப்போது வருகிறது என்பதை. லப்புக்கும் டப்புக்கும் நடுவில் வந்தால் சிஸ்டாலிக், அதில் சாதாரணமானதும் உண்டு, நோயும் உண்டு. டப்புக்குப் பிறகு, இதயம் விரியும்போது வந்தால் டயஸ்டாலிக், அது அநேகமாக எப்போதுமே நோய்தான். விடாமல் கேட்டால் பிறந்தவுடன் மூடவேண்டிய ஒரு ரத்தக்குழாய் மூடாமல் இருக்கலாம். கழுத்து ரத்தக்குழாயிலிருந்து வருகிற வெறும் ரீங்காரமாகவும் இருக்கலாம், அது பிள்ளையைப் படுக்கவைத்தால் மறைந்துவிடும்.

உங்கள் பையன் வயதில் அதிகம் கேட்பது ஸ்டில் மர்மர். 1909இல் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் எழுதிவைத்தது. மார்பெலும்பின் இடது ஓரம் கீழ்ப்பக்கம், தம்பூராத் தந்தியை மெல்ல மீட்டினாற்போல இருக்கும். படுத்தால் நன்றாகக் கேட்கும், எழுந்து நின்றால் குறையும், வளர வளரப் போய்விடும். நின்றால் கூடுகிற சத்தம் வேறு ரகம், இதயத்தசை தடித்துப்போகிற நோயில் அப்படி வரும், அதை விடக்கூடாது. ஆகவே அடுத்த முறை போகும்போது படுக்கவைத்தும் நிற்கவைத்தும் கேட்கச் சொல்லுங்கள்.

ஸ்டில் மர்மர் என்று உறுதியானால் பொதுவாக எக்கோ, அதாவது இதயத்தை எடுக்கிற ஸ்கேன், வேண்டாம். உங்கள் வீட்டுக்கு மட்டும் நான் ஒருமுறை எடுக்கச் சொல்வேன், மாமியாரின் வால்வு கதை அப்படி. வலி இல்லை, ஊசி இல்லை. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்து, இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டுக்கு மூட்டு தாவுகிற வலியும் காய்ச்சலும் வந்து, பிறகு வால்வைத் தின்றுவிடுகிற வாத இதயநோய் நம் நாட்டில் இன்னும் தீரவில்லை. 2005இல் நம் டிராக்கன்ஸ்பெர்க் மலையில்தான் ஆப்பிரிக்க மருத்துவர்கள் கூடி இதை ஒழிக்கவேண்டும் என்று பிரகடனமே செய்தார்கள். 5 முதல் 15 வயதுதான் இது அதிகம் வருகிற காலம், உங்கள் பையன் அதற்குள் இப்போதுதான் நுழைகிறான். தொண்டை வலித்துக் காய்ச்சலும் இருந்தால் மஞ்சள் பாலோடு விட்டுவிடாமல் கிளினிக்கில் காட்டுங்கள், பென்சிலின் கொடுத்தால் சொன்ன நாள் முழுக்கக் கொடுத்து முடியுங்கள்.

காய்ச்சல் விட்டதும் பந்தைக் கையில் கொடுங்கள். ஓடும்போது மயங்கி விழுந்திருந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மற்றப் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலமானாலோ, குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ மட்டும் நிறுத்திவைத்து உடனே காட்டவேண்டும். கை கால் தானாக வெட்டி ஆடினாலும் அப்படித்தான், சேட்டை என்று அடித்துவிடாதீர்கள்.

காவடிக்கு வருவோம். எக்கோ நன்றாக இருந்தால் தடையே இல்லை, தை வெயிலில் தண்ணீர் மட்டும் கொடுத்துக்கொண்டே இருங்கள், ஆறு வயதுக்குப் பட்டினி விரதம் வேண்டாம். வால்வில் பழுது இருந்தால் வேல் குத்துவது கூடாது, அந்தப் புண் வழியாகக் கிருமி ரத்தத்தில் போய் வால்வில் உட்கார்ந்துகொள்ளும். பால்குடம் எடுக்கட்டும், முருகன் கணக்குப் பார்க்கமாட்டார். கிளினிக்குப் போகும்போது அந்தச் சீட்டையும் மாமியாரின் ஆபரேஷன் காகிதங்களையும் சேர்த்தே கொண்டுபோங்கள்.