பச்சைத் திரை இருட்டாகவே இருந்தால் பழுதா?

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்த்த சித்தப்பாவின் பழைய ஐபிஎம் 5151 பச்சைத்திரை மானிட்டர் என்னிடம் வந்திருக்கிறது. பிளக் நம் சாக்கெட்டில் சேரவில்லை. அடாப்டர் போட்டு ஓட்டலாமா? விஜிஏ கேபிளில் இப்போதைய கம்ப்யூட்டரோடு இணைக்க முடியுமா?

பதில்: அடாப்டர் வாங்கும் எண்ணத்தை விடுங்கள். அந்த பிளக் சுவரில் செருகுவதற்கானதே இல்லை. பிசியின் முதுகிலிருந்து கரண்ட் எடுப்பதற்கானது. அதனால்தான் மானிட்டரில் தனி சுவிட்சும் கிடையாது. பின்பக்க லேபிளில் 120 வோல்ட் என்றிருந்தால் நம் 230 தாங்காது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

கரண்ட் கொடுத்தபின் திரை இருண்டே இருந்தால் பயப்படாதீர்கள். 5151, திரையில் வரிவரியாகப் படம் வரையும் ஸ்கேனிங் துடிப்பைச் சொந்தமாக உண்டாக்காது. வீடியோ கார்டு அனுப்பினால்தான் எழும். இந்த ஒன்று தெரியாமல், நல்ல மானிட்டரைப் பழைய இரும்புக்குப் போட்டவர்கள் உண்டு.

ஆபத்தும் அந்தத் துடிப்பில்தான். இந்த மானிட்டர் எதிர்பார்ப்பது நொடிக்கு சுமார் 18,400 வரிகள். அந்தக் காலத்துக் கலர் கார்டான சிஜிஏ தருவது 15,700. இரண்டுக்கும் ஒரே 9 பின் கனெக்டர் என்பதால் அச்சாகப் பொருந்தும், ஆனால் மானிட்டரின் ஹரிசாண்டல் சர்க்யூட் எரிந்துபோகலாம். விஜிஏ தருவது 31,500, அதுவும் அனலாக் சிக்னல்; இந்த மானிட்டருக்கு வேண்டியது டிஜிட்டல். வெறும் கேபிள் மாற்றி அதை இதில் ஓட்ட முடியாது.

சரியான ஜோடி 1981-இல் இதோடு வந்த எம்டிஏ என்ற ஒற்றை நிற வீடியோ கார்டு, அல்லது அதற்கு ஒத்த ஹெர்குலிஸ் கார்டு. ஹெர்குலிஸ் நகல்கள் கிடைப்பது சுலபம். 720-க்கு 348 புள்ளியில் படமும் வரையும். இந்தக் கார்டைச் செருக, ஐஎஸ்ஏ ஸ்லாட் உள்ள பழைய 386 அல்லது 486 மதர்போர்டு போதும். டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ‘மோட் மோனோ’ என்று அடித்தால் திரை இதற்கு மாறும்.

எழுத்து நகரும்போது பின்னால் பச்சை வால் இழுபடும். அது பழுதல்ல. நொடிக்கு 50 முறைதான் திரை புதுப்பிக்கப்படுகிறது. மினுக்கல் தெரியாதிருக்க, மெதுவாக அணையும் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருளைத் திரையில் பூசியிருக்கிறார்கள். எனக்கு அந்த வாலுக்காகவே இதைப் பிடிக்கும்.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். கரண்ட் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில் திரையைச் சாய்த்துப் பாருங்கள். மேல்வரியில் ஏதோ மெனுவின் மங்கல் தடம் தெரிந்தால், சித்தப்பா நாள் முழுக்க ஒரே மென்பொருளில் உட்கார்ந்திருக்கிறார். அந்தத் தடம் போகாது. பிரைட்னஸைக் குறைத்து வையுங்கள். மூடியை மட்டும் நீங்களே கழற்ற வேண்டாம், பிக்சர் டியூப் அணைத்த பிறகும் ஷாக் அடிக்கும்.