வெறும் கருமணல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்பெயினில் கார்த்தகேனா நகருக்குப் போயிருந்தேன். ரோமானிய அரங்கைப் பார்த்துப் பிரமித்தேன். பக்கத்தில் போர்ட்மான் விரிகுடாவில் வெறும் கருமணல்தான் என்றார்கள், போகவில்லை. அந்தப் பக்கத்துச் சுரங்கங்களில் தண்ணீரை இறைக்க ரோமானியர் திருகுப்பொறி (குழாய்க்குள் சுழலும் திருகால் நீரை மேலேற்றும் பொறி) வைத்திருந்தார்களாமே? அவர்களுடைய தொழில்நுட்பம் பற்றி எழுத வேண்டும்.

க.

அன்புள்ள க.,

திருகுப்பொறி உண்மைதான். ஸ்பெயினின் ரோமானியச் சுரங்கங்களில் கிடைத்திருக்கிறது. அதைக் கலைக்களஞ்சியத்தில் படித்துக்கொள்ளுங்கள். 'வெறும் கருமணல்' என்று எழுதியிருக்கிறீர்களே, சில வாரங்களாக அந்த மணல்தான் என் நினைப்பில் இருக்கிறது.

போர்ட்மானை ரோமானியர் போர்ட்டுஸ் மாக்னுஸ் என்றார்கள். பெருந்துறை என்று பொருள். பக்கத்துச் சுரங்க மலையில் வெட்டிய தாதுவிலிருந்து ஈயமும் துத்தநாகமும் பிரித்த பிறகு மிஞ்சிய சேற்றை 1957 முதல் 1990 வரை குழாய் வைத்து அந்தத் துறையில் கொட்டினார்கள். ஏறத்தாழ 5.7 கோடி டன். விரிகுடா தூர்ந்துபோனது. கடல் அரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விட்டது. நான் போனபோது ஒரு முதியவர் தன் காலடியைக் காட்டி, "அப்பா இங்கேதான் படகு கட்டுவார்" என்றார். சுற்றிலும் உலர்ந்த மண். கடலோசைகூடக் காதில் விழவில்லை.

நீங்கள் பிரமித்த அரங்கம் யார் செல்வத்தில் எழுந்தது? ரோமானியர் காலத்தில் அந்தச் சுரங்கங்களில் 40,000 பேர் உழைத்தார்கள், ரோமுக்கு நாளொன்றுக்கு 25,000 திராக்மா (கிரேக்க வெள்ளிக்காசு) சேர்ந்தது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதியதைப் பண்டைய புவியியலாளர் ஸ்ட்ராபோ எடுத்துச் சொல்கிறார். கல்லில் செதுக்கினால் பாரம்பரியம், கடலில் கொட்டினால் குப்பை என்று உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? இரண்டும் ஒரே மலையின் வயிற்றிலிருந்து வந்தவை. இன்னொன்றும் கேளுங்கள். ரோமானியர் எறிந்த உலைக்கசடில் ஈயம் மிஞ்சியிருந்தது. 1840களில் அந்தக் கசட்டு மேடுகளைத் தோண்டி மறுபடி உருக்கியவர்களிடமிருந்துதான் அங்கே நவீனச் சுரங்கத் தொழில் தழைத்தது. ஒருவன் கழித்துப்போட்டது அடுத்தவனுக்குத் தாது. அப்படிப்பட்ட மலையடியில் நின்றுகொண்டு எதை 'வெறும்' என்கிறீர்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். அவ்வளவு தூரம் போய்விட்டுக் கடைசி மலையைத் தாண்டாமல் திரும்பினீர்களே என்ற ஆற்றாமைதான். அடுத்த முறை ஆகஸ்டில் போங்கள். பக்கத்துச் சுரங்க ஊரான லா உனியோனின் பழைய சந்தைக் கட்டடத்தில் சுரங்கப் பாடல் விழா நடக்கும், 1961இல் தொடங்கியது. இரவு அதைக் கேளுங்கள். காலையில் மலைச்சாலை வழியே போர்ட்மானுக்கு இறங்குங்கள். மணலில் செருப்பை மட்டும் கழற்றாதீர்கள். ஈயமும் ஆர்செனிக்கும் இன்னும் அதில் இருக்கின்றன.