கண்ணாடியில் வெள்ளைச் சுருள்: தொட்டியை இறைக்காதீர்கள்

கேள்வி: பரந்தனில் இருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். சுவிஸில் இருக்கும் தம்பியின் உதவியோடு 200 லீற்றர் கடல்நீர்த் தொட்டி வைத்து 14 மாதம் ஆகிறது. இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் மென்பவளம். பின்பக்கக் கண்ணாடி, பம், குழாய் எல்லாவற்றிலும் இப்போது சின்ன வெள்ளைக் குழாய்ப்புழுக்கள். முதலில் பத்துப் பன்னிரண்டு, இப்போது எண்ண முடியாது. தொட்டிக்குள் வைக்கக் கடற்கல் கொண்டுவந்து கொடுத்தவர், "இது பவளத்தைத் தின்றுவிடும். தொட்டியை முழுதாக இறைக்க வேணும், இல்லாவிட்டால் நான் ஒரு மருந்து தாறன்" என்கிறாராம். என்ன செய்வது?

பதில்: ரீச்சர், இறைக்க வேண்டாம். அந்த மருந்தையும் வாங்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பவை கடுகளவு சுருள்கள். நுளம்புத்திரியைச் சிறிதாக்கி ஒட்டிவிட்டது போல ஒவ்வொன்றும் கண்ணாடியோடு தட்டையாகக் கிடக்கிறது. ஸ்பைரோர்பிஸ் வகைச் சுருள் குழாய்ப்புழு அது. தண்ணீரில் உள்ள கல்சியத்தை எடுத்துத் தனக்கொரு சுண்ணாம்புக் குழாய் கட்டிக்கொள்ளும். அதற்குள் இருந்தபடியே தலையில் உள்ள சின்ன விசிறியை வெளியே நீட்டி, மிதந்து வரும் துகள்களை வடித்துத் தின்னும். குழாயை விட்டு ஊர்ந்து போகிற பழக்கமே அதற்கு இல்லை. பிறகு எங்கே போய்ப் பவளத்தைத் தின்பது?

இரவு லைற்றை அணைத்து அரை மணித்தியாலம் கழித்து, ரோர்ச்சைச் சாய்வாகப் பிடித்துக்கொண்டு பூதக்கண்ணாடியால் ஒரு சுருளைப் பாருங்கள். வாய்ப்பக்கத்தில் சாமரம் போல மெல்லிய இழைகள் சில விரிந்திருக்கும். கண்ணாடியில் நகத்தால் தட்டினால் சட்டென்று உள்ளே போகும். ஓர் இழையின் நுனியே மூடியாக மாறியிருக்கும், அது கதவு போலக் குழாயை அடைத்துக்கொள்ளும். விஞ்ஞானப் பாடத்துக்கு வகுப்பையே கூட்டிவந்து காட்டலாம்.

ஏன் இவ்வளவு வேகமாகப் பெருகியது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே உடலில் ஆணும் பெண்ணும் இருக்கும். முட்டையைக் கடலில் கொட்டிவிடாது, தன்னோடு வைத்தே அடைகாக்கும். வெளியே வரும் குஞ்சு சில மணித்தியாலத்துக்குள் பக்கத்திலேயே இடம் பார்த்து ஒட்டிக்கொள்ளும். கடலில் நாட்கணக்கில் மிதக்கும் குஞ்சுகள் உங்கள் பில்ரரில் அகப்பட்டுச் சாகும், இது சாகாது. அதனால்தான் ஒரு மூலையில் தொடங்கி அந்த மூலையிலேயே கூட்டமாகிறது. மென்மையான மண்நிறக் குழாயில் இருந்து விசிறி விரிக்கும் புழுவும் ஒன்றிரண்டு தெரிகிறது. அது வேறு வகை, அதையும் விடுங்கள்.

புழு பெருகினால் தண்ணீரில் அதற்குச் சாப்பாடு இருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாளைக்கு மூன்று தரம் தீன் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கோமாளி மீனுக்கு அது கலியாண வீட்டுப் பந்தி. ஒரு நாளைக்கு ஒரு தரம், ஒரு நிமிடத்துக்குள் தின்று முடிக்கிற அளவு போதும். பவளத்துக்கென்று போடும் தூளை நிறுத்துங்கள், மென்பவளம் வெளிச்சத்திலேயே பிழைத்துக்கொள்ளும்.

அடுத்தது தண்ணீர். ஆவியாகிக் குறையும் அளவுக்கு வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் விடுகிறீர்கள். வன்னிக் கிணற்றுத் தண்ணீர் எப்படியென்று கேத்தலின் அடியில் படிந்திருக்கும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். வயல் பக்கத்துக் கிணறு என்றால் உரத்தின் நைத்திரேற்றும் சேரும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், மற்றதெல்லாம் தொட்டியில் தங்கிவிடும். 14 மாதமாகத் தங்கியிருக்கிறது. சிறுநீரக நோய் காரணமாக ஊர் ஊராக வைத்த ஆர்.ஓ. சுத்திகரிப்பு நிலையத் தண்ணீர் கிணற்றைவிட எவ்வளவோ மேல். ஆனால் அது குடிக்கிறதுக்கென்று வைத்தது, கரைந்த உப்புகளை அளக்கும் ரீ.டி.எஸ். மீற்றரில் சுழியம் காட்டாது. அதன்பின் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. பில்ரர் ஒன்று வைத்து வடித்தால் சுழியத்துக்கு வரும். முல்லைத்தீவில் இருந்து கானில் கடல்நீர் கொண்டுவந்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். மாரியில் நந்திக்கடல் களப்பின் வாய் திறந்தபிறகு கரையோரத் தண்ணீரை அளந்து பார்த்தால் உப்பு குறைந்திருக்கும். தொட்டிக்கு வேண்டியது லீற்றருக்கு 35 கிராம் உப்பு, அடர்த்திமானியில் 1.025 அளவு.

சரி, அந்த மருந்துக்கு வருவோம். இந்தக் கதையை நான் பத்துத் தரமாவது கேட்டுவிட்டேன். கல்லை விற்பவரே புழுவைக் காட்டிப் பயமுறுத்துவார், அவரே மருந்தும் விற்பார். புழு வந்ததே அவர் கொடுத்த கல்லில் என்பதை மட்டும் சொல்லமாட்டார். ஒருமுறை வவுனியாவில் ஒருவர் இப்படி வாங்கிய லேபல் இல்லாத போத்தலை என்னிடம் கொண்டுவந்தார். உள்ளே இள நீலத் தண்ணீர். ஒரு மூடியில் கொஞ்சம் ஊற்றி, தேய்த்துத் துடைத்த இரும்பாணி ஒன்றைப் போட்டு வைத்தோம். தேத்தண்ணி குடித்து முடிக்கும்போது ஆணி செம்பு நிறமாகியிருந்தது. துருசு, அதாவது செப்பு சல்பேற்று! ஓ.எல். பிள்ளைகளுக்கு நீங்கள் கற்பிக்கிற அதே பரிசோதனைதான் ரீச்சர். உரக்கடையில் கிலோக் கணக்கில் வாங்கலாம், இவர் போத்தலில் அடைத்து விற்கிறார்.

செம்பு புழுவைக் கொல்லும்தான். கூடவே நத்தை, இறால், பவளம் எல்லாவற்றையும் கொல்லும். சுண்ணாம்புக் கல் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மாதக்கணக்கில் கசியவிடும். அந்தக் கல்லோடு மறுபடி பவளம் வைக்க நினைக்கவே வேண்டாம். ஆட்டுக்குக் கொடுக்கும் பூச்சிக் குளிசையைக் கரைத்து விடச் சொல்கிறவர்களும் உண்டு. அதையும் செய்யாதீர்கள். நூற்றுக்கணக்கான புழு ஒரே இரவில் செத்து அழுகினால் அமோனியா ஏறி மீனும் போகும்.

கல்லைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். "சிலாவத்துறையில் இருந்து வந்த உயிர்க்கல்" என்று பெருமையாகச் சொல்லித் தந்தாராம். உயிர்க்கல் என்பது கடலில் உயிர்கள் ஒட்டியபடியே எடுக்கும் முருகைக்கல், அதாவது பவளக்கல். அதை உயிரோடு பெயர்த்து எடுப்பது வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். மாட்டினால் கல் யார் வீட்டில் இருக்கிறதோ அவருக்குத்தான் தலைவலி, தரகருக்கு இல்லை. நான் ஒருமுறை கரையில் ஒதுங்கிக் கிடந்த செத்த துண்டுகள் நாலைந்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட எடுக்கலாமா என்று முறைப்படி கேட்கப் போனேன். ஓர் அலுவலகம் இன்னொன்றைக் காட்டியது, அது மூன்றாவதைக் காட்டியது. மூன்றாவதில் படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தது, தமிழ்ப் படிவம் "அடுத்த கிழமை வரும்." ஆறு வருசமாகிறது, அந்தக் கிழமை இன்னும் வரவில்லை. கேட்கிறவன் வாசலில் நிற்க, கேட்காதவன் றெஜிபோம் பெட்டியில் அடைத்து ஏ9 வீதியால் கொண்டுபோகிறான். இனி வாங்குவதென்றால் சூளையில் சுட்ட செயற்கைக் கல்லை வாங்குங்கள்.

இனி ஒரேயொரு விதிவிலக்கு. படத்தின் வலது ஓரத்தில், கல்லில் ஒரு குழாய் மட்டும் சுருளாமல் நிமிர்ந்து நிற்கிறது. பேனாக் குச்சியின் தடிப்பு, ஓரம் கூர், உட்பக்கம் ஊதா கலந்த மண்நிறம். அது புழு இல்லை, நத்தை. வெர்மிட்டிட் என்ற குடும்பம், நான் புழுநத்தை என்று சொல்வேன். பிறந்ததும் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, தன் நத்தையோட்டைக் குழாயாக வளர்த்துக்கொண்டே போகும். இதற்கு விசிறி கிடையாது. சிலந்தி நூல் போலச் சளி இழையை வெளியே விட்டு, அதில் ஒட்டுவதை எல்லாம் நூலோடு இழுத்து விழுங்கும். அந்த நூல் பவளத்தின் மேல் படிந்தால் அது எரிச்சல்பட்டு விரியாமல் சுருங்கிக் கிடக்கும். பிரெஞ்சுப் பொலினீசியாவின் மூரியா தீவில் இந்த நத்தை இருக்கிற இடத்தில் பவளம் வெகுவாக வளர்ச்சி குன்றுவதை ஆய்வாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

சந்தேகமென்றால் பம்மை நிறுத்தி, தீனைக் கரைத்துக் குழாய்க்குப் பக்கத்தில் இரண்டு சொட்டு விடுங்கள். விசிறி விரிந்தால் புழு, விட்டுவிடுங்கள். ஐந்து பத்து நிமிடத்தில் நூல் மிதந்து வந்தால் நத்தை. விசிறியும் இல்லை, நூலும் இல்லை என்றால் வெறும் குழாயாக இருக்கலாம், அடுத்த நாளும் பாருங்கள். அவசரப்பட்டு உடைக்காதீர்கள். நுனியை மட்டும் உடைத்தால் நத்தை அடிக்குள் பின்வாங்கி, இன்னொரு குழாய் கட்டிக்கொண்டு வரும். கல்லை வெளியே எடுத்து, குறட்டால் குழாயை அடியோடு ஒடித்து, மிஞ்சும் துளையைக் கட்டியான ஜெல் வகைச் சுப்பர் குளூவால் மூடுங்கள். தண்ணீராக ஓடுகிற சுப்பர் குளூ நிற்காது. ஜெல் கிடைக்காவிட்டால், ஹாட்வெயாரில் விற்கும், மா போலப் பிசைகிற எபொக்சி போதும். காற்றுப் போகாமல் அடைபட்டால் கதை முடிந்தது. குழாய் ஓரம் பிளேட் மாதிரி, கையுறை போடுங்கள். ஒன்று கண்டால் கல்லின் அடிப்பக்கத்திலும் தேடுங்கள், தனியாக இருக்கிற சாதி இல்லை அது.

சுருள் புழுவால் வருகிற உண்மையான தொல்லை பம்மில்தான். சுழலியில் படிந்தால் பம் முனகும், கறண்ட் போய் வந்ததும் தொடங்காமல் நிற்கும். மாதம் ஒருக்கா பம்மைக் கழற்றி, வினாகிரியும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு மணித்தியாலம் ஊறவிடுங்கள். குழாய்கள் நுரைத்துக் கரையும், மிச்சம் பழைய பல்லுத் தூரிகையால் போகும். நன்றாகக் கழுவிவிட்டு மாட்டுங்கள். முன்கண்ணாடியில் உள்ளதைப் பிளேட்டால் சுரண்டலாம், பின்கண்ணாடியை விடுங்கள். வெளிப்பக்கத்தில் மார்க்கரால் ஐந்து சென்ரிமீற்றர்ச் சதுரம் ஒன்று கீறி, அதற்குள் விசிறி விரிகிற சுருள்களை ஞாயிறுதோறும் எண்ணி எழுதுங்கள். வெறும் குழாய்கள் ஒட்டியபடியே இருக்கும், அவற்றைச் சேர்க்க வேண்டாம். தீனைக் குறைத்துத் தண்ணீரை மாற்றினாலும் முதல் ஆறு கிழமைக்கு எண்ணிக்கையில் பெரிய மாற்றம் தெரியாது. அந்த இடைவெளியில்தான் போத்தல்காரர் மறுபடி வருவார். வந்தால் ஓர் இரும்பாணியோடு நில்லுங்கள்.