கோழிக்குள்ளேயே ஒரு கிருமிக்கொல்லி

கேள்வி: கோழி உடம்பில் ஊறும் கிருமிக்கொல்லிப் பெப்டைடுகளை (சிறு புரதத் துண்டுகளை) தீவனத்தால் கூட்ட முடியுமா? ஆன்டிபயாடிக்கைக் குறைக்கலாமா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: ஓரளவு முடியும். இந்தப் பெப்டைடுகளில் இரு குடும்பங்கள் முக்கியம்: கோழிக்கு 14 பீட்டா டிஃபென்சின் மரபணுக்களும் 4 கேத்லிசிடின் மரபணுக்களும் உண்டு. நேர்மின்னூட்டமுள்ள இந்தப் பெப்டைடுகள் பாக்டீரியாவின் எதிர்மின் சவ்வில் ஒட்டி ஓட்டை போடும். கிருமிகளை விழுங்கும் கோழியின் ஹெட்டரோஃபில் வெள்ளணுக்களில், கிருமியைக் கொல்ல உதவும் மையலோபெராக்சிடேஸ் நொதி கிடையாது. அதனால் அந்த வெள்ளணுக்கள் இந்தப் பெப்டைடுகளைத்தான் பெரிதும் நம்பியிருக்கின்றன.

தீவனத்தில் சேர்க்கும் பியூட்டிரேட் (பியூட்டிரிக் அமிலத்தின் உப்பு) இந்தப் பெப்டைடுச் சுரப்பைத் தூண்டும். மேற்பூச்சு உள்ள வகையாக வாங்குங்கள். மேற்பூச்சில்லாத சாதா பியூட்டிரேட் பெரும்பாலும் தீனிப்பை, இரைப்பையிலேயே உறிஞ்சப்பட்டு, கடைக்குடலுக்குப் போய்ச் சேராது. ஆனால் ஐப்பசி மழையில் கொட்டகைத் தரையில் பரப்பிய ஆழ்கூளம் நனைந்து அம்மோனியா வீசினால் எந்தப் பொடியும் வீண்தான். தினமும் கிளறிவிடுங்கள், கட்டியை அள்ளுங்கள். குஞ்சுகளுக்குச் சூடு தரும் புரூடரடியில் முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வேண்டும். 7-ஆம் நாள் ராணிக்கெட் என்ற வைரஸ் நோய்க்கான தடுப்புச் சொட்டு மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அந்த வேலையைப் பெப்டைடு செய்யாது.