கேளுங்கள் சொல்கிறேன்: மெயில் சர்வரை எப்படி விற்பது?

கேள்வி: மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ், அதைப் பெட்டியில் வைத்துக் காட்டும் டவ்காட் என்ற இரண்டு மென்பொருள்களை வைத்து, கம்பெனிக்கென்று சொந்த மெயில் சர்வர் போட்டுத் தருகிறேன் என்று போடி, குமுளி, வண்டன்மேடு ஏலக்காய் வியாபாரிகளிடம் அலைகிறேன். "ஓப்பன் சோர்ஸ், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், லைசென்ஸ் செலவே கிடையாது" என்றால், "சும்மா கிடைக்கிறதை எவன் நம்புவான்?" என்கிறார்கள். என்ன சொல்லட்டும்? - பெயர் வேண்டாம், கம்பம்

பதில்: செலவே கிடையாது என்று ஆரம்பிக்காதீர்கள் தம்பி. புற்றடி ஏலக்காய் ஏலத்தில் காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து விலை கேட்கிற ஆளுக்கு, விலையில்லாத சரக்கு என்றாலே சொத்தை என்றுதான் தோன்றும். சர்வர் வாடகை, பேக்கப், உங்கள் வருடக் கூலி மூன்றையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். ஆளுக்கு இவ்வளவு என்று தனிக் காசு கிடையாது என்பதை அப்புறம் சொல்லுங்கள். குடோன்காரர் வரைக்கும் ஆளுக்கொரு மெயில் பெட்டி என்றால் முதலாளி நிமிர்ந்து உட்காருவார்.

போடியில் நான் போகிற கடைகளில் பலதிலும் கம்பெனி மெயில் என்பது கணக்குப்பிள்ளை போனில் இருக்கிற அவருடைய சொந்த ஜிமெயில்தான். "அவர் நாளைக்கு நின்றுவிட்டால் துபாய் பார்ட்டியோட பழைய மெயிலெல்லாம் யார்கிட்ட இருக்கும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மீதியை அவரே பேசுவார்.

போஸ்ட்ஃபிக்ஸ் ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்து 1998-ல் வெளிவந்தது என்பதையும் ஒரு வரி சொல்லலாம். அதற்கு மேல் போனால் கொட்டாவி விடுவார். டவ்காட்டை மெயில்டிர் முறையில் அமைத்தால் ஒவ்வொரு மெயிலும் தனிக் கோப்பாக இருக்கும். "என்னைப் பிடிக்காவிட்டால் அப்படியே நகலெடுத்துக்கொண்டு வேறு ஆளிடம் போகலாம்" என்று தைரியமாகச் சொல்லுங்கள். இப்படிச் சொல்கிறவனைத்தான் வியாபாரி நம்புவார்.

இன்வாய்ஸ் ஸ்பேமில் விழுந்தால் இத்தனை பேச்சும் வீண். சர்வரைக் கடையில் வைக்காதீர்கள். மலையில் மழை பிடித்தால் கரண்ட்டும் நெட்டும் சேர்ந்தே போகும். கிளவுடில், அதாவது வெளி நிறுவனத்தின் வாடகை சர்வரில் எடுங்கள். ஆனால் வெளியே மெயில் அனுப்பும் 25-ம் போர்ட்டைப் பல நிறுவனங்கள் பூட்டியே வைத்திருக்கும், பணம் கட்டுமுன் கேளுங்கள். சர்வரின் இணைய எண்ணான ஐ.பி.க்கு அது யாருடையது என்று காட்டும் ரிவர்ஸ் டி.என்.எஸ்., கம்பெனியின் இணையப் பெயரான டொமைனுக்கு மெயில் போலியில்லை என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் எல்லாம் கட்டாயம். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கறாராகிவிட்டது. புது ஐ.பி.யிலிருந்து முதல் நாளே விலைப்பட்டியலை ஊருக்கெல்லாம் அனுப்பவும் விடாதீர்கள். முதலாளியின் ஜிமெயிலுக்கே ஒரு சோதனை மெயில் அனுப்பி, 'ஷோ ஒரிஜினல்' திறந்து, எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றுக்கும் 'பாஸ்' என்று வருவதைக் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் மரக்கடையில் மூன்றே பேர். எங்களுக்கும் சொந்த மெயில் சர்வர் வேண்டுமா? - ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: வேண்டாம். கம்பத்துத் தம்பி கோபித்தாலும் பரவாயில்லை. உங்கள் பக்கத்து மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ போன்ற சேவையே போதும். ஓப்பன் சோர்ஸ் இல்லைதான். ஆனால் மூன்று பெட்டிக்காக ராத்திரியில் சர்வர் பார்க்க உங்களிடம் ஆளும் இல்லையே. டொமைனை மட்டும் உங்கள் பெயரில் பதியுங்கள், கம்ப்யூட்டர் கடைக்காரர் பெயரில் வேண்டாம்.